501-வது யூனிட்டின் விலை தெரியுமா?

ஒரு வீட்டுக்கு சோலார் போட எவ்வளவு ஆகும் என்று 1956-லேயே ஒருவர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டார், தெரியுமா? அவர் பெயர் டாரில் சேப்பின். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் சிலிக்கான் சூரிய மின்கலத்தை உருவாக்கிய மூவரில் ஒருவர். அவர் காலத்தில் ஒரு வாட் மின்சாரம் தரும் மின்கலத்தின் விலை 286 டாலர். சராசரி அமெரிக்க வீட்டுக்குப் போதுமான அளவு வாங்கினால் 14 லட்சத்து 30 ஆயிரம் டாலர்! பெற்ற பிள்ளைக்கு இப்படி ஒரு விலை என்று தெரிந்ததும் மனுஷர் என்ன பாடு பட்டிருப்பாரோ!

வகுத்துப் பாருங்கள், அது ஐந்து கிலோவாட். அதே ஐந்து கிலோவாட்டை இன்று மதுரையிலோ மன்னார்குடியிலோ உங்கள் மொட்டை மாடியில் நிறுத்த மூன்று லட்சம் முன்பின் ஆகிறது. டாலர் அல்ல, ரூபாய்!

இந்த விலை சரிந்த கதை துப்பறியும் நாவல் மாதிரி திருப்பங்கள் நிறைந்தது. 1954 ஏப்ரல் 25 அன்று பெல் ஆய்வுக்கூடம் தன் கண்டுபிடிப்பை உலகுக்குக் காட்டியபோது எதை ஓட்டிக் காட்டியது தெரியுமா? ஒரு பொம்மை ராட்டினத்தை! விழுந்த வெளிச்சத்தில் 6 சதவீதம்தான் மின்சாரமானது. (இன்று கடையில் கிடைக்கும் சாதாரண பேனலில் 21 சதவீதத்துக்கு மேல்.) அந்த விலைக்கு வாங்கக்கூடிய வாடிக்கையாளர் பூமியில் யாரும் இல்லை, விண்வெளியில்தான் இருந்தார். 1958 மார்ச் 17-ல் ஏவப்பட்ட வான்கார்ட்-1 செயற்கைக்கோள், சூரிய மின்கலத்தின் தயவில் 1964 வரை சிக்னல் அனுப்பிக்கொண்டிருந்தது. பேச்சு நின்றுவிட்டதே தவிர, ஆள் இன்னும் பூமியைச் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறார்!

சரி, சோலாரை விண்ணிலிருந்து மண்ணுக்கு இறக்கியது யார்? எண்ணெய் கம்பெனி! நம்பமுடியவில்லைதானே? எழுபதுகளின் தொடக்கத்தில் எலியட் பெர்மன் என்ற வேதியியலாளர், எக்ஸான் கொடுத்த பணத்தில், வாட்டுக்கு 100 டாலராக இருந்ததை 20 டாலருக்குக் கொண்டுவந்தார். எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகள் தேறாது என்று கழித்துப்போட்ட சிலிக்கானே நமக்குப் போதும் என்று எடுத்துக்கொண்டது அவருடைய சூட்சுமம். அந்த பேனல்கள் போய் உட்கார்ந்த இடம் எது? நடுக்கடலில் எண்ணெய் எடுக்கும் மேடைகளின் எச்சரிக்கை விளக்குகள்!

அடுத்த திருப்பம் வெள்ளை மாளிகையில். 1979 ஜூன் 20 அன்று அதிபர் ஜிம்மி கார்ட்டர் அதன் கூரையில் 32 சோலார் தகடுகளை ஏற்றினார். மின்சாரத்துக்கு அல்ல, வெந்நீருக்கு. ரீகன் ஆட்சியில், 1986-ல் அவை இறக்கப்பட்டன. அந்தத் தகடுகளில் ஒன்று பிற்பாடு எங்கே போய்ச் சேர்ந்தது தெரியுமா? சீனாவில் ஒரு அருங்காட்சியகத்துக்கு! இன்று உலகின் சோலார் பேனல் உற்பத்தியில் ஐந்தில் நாலு பங்கு சீனாவின் கையில். இதைத் தற்செயல் என்பதா, சரித்திரத்தின் குறும்பு என்பதா, நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நம் ஊருக்கு வருவோம். 2011-ல் தொடங்கிய முதலமைச்சரின் பசுமை வீடுகள் திட்டம் நினைவிருக்கிறதா? 300 சதுர அடி வீடு, கூரையில் சின்னதாக ஒரு சோலார் பேனல். வீட்டுக்கு ஒதுக்கிய 1 லட்சத்து 80 ஆயிரம் ரூபாயில் 30,000 ரூபாய் சோலாருக்கு. அந்த முப்பதாயிரத்தில் என்ன எரிந்தது? ஐந்து சி.எஃப்.எல். விளக்கு. அவ்வளவுதான்! ஃபேனுக்குக்கூட வழியில்லை. இன்று அதே 30,000 ரூபாயை முதல் இரண்டு கிலோவாட்டில் ஒவ்வொன்றுக்கும் மத்திய அரசு மானியமாகவே தருகிறது.

இன்னொன்று. 2016-ல் ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்தது. 2,500 ஏக்கர், 25 லட்சம் பேனல், அவற்றைத் துடைக்க ரோபோக்கள். ஒரே இடத்தில் அமைந்த சூரிய மின்நிலையங்களில் உலகிலேயே பெரியது என்று அன்று கொண்டாடினார்கள். செலவு 4,550 கோடி. கிலோவாட்டுக்கு எவ்வளவு என்று வகுத்தால் சுமார் 70,000 ரூபாய். இன்று ஒரு ரிட்டயர்டு வாத்தியார் தன் வீட்டு மாடியில் ஒரே ஒரு கிலோவாட் போட்டால் என்ன விலை தெரியுமா? அதே எழுபதாயிரம் சொச்சம்! 25 லட்சம் பேனலை மொத்தக் கொள்முதல் செய்தவருக்கு அன்று கிடைத்த விலை, சில்லறையாக இரண்டு பேனல் வாங்கும் வாத்தியாருக்கு இன்று கிடைக்கிறது.

இப்போது உங்கள் மாடிக்கு என்ன விலை?

ஒரு கிலோவாட் 65,000-லிருந்து 80,000 வரை. இரண்டு கிலோவாட் 1.3 முதல் 1.5 லட்சம். மூன்று என்றால் 1.8 முதல் 2.2 லட்சம். ஐந்து 2.8 முதல் 3.3 லட்சம். பத்து கிலோவாட் ஐந்து, ஆறு லட்சம். இது பேட்டரி இல்லாமல், இ.பி. லைனோடு இணைந்து ஓடும் ஆன்-கிரிட் அமைப்பின் தோராய விலை. பெரிதாகப் போகப் போக கிலோவாட்டின் விலை இறங்குவதைக் கவனியுங்கள். இன்வெர்ட்டர், எர்த்திங், வயரிங் ஆட்கள் எல்லாம் ஒரு கிலோவாட்டுக்கும் வேண்டும், ஐந்துக்கும் வேண்டும் அல்லவா?

மானியம்? 2024 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பிரதமரின் சூர்ய கர் திட்டத்துக்கு ஒதுக்கீடு 75,021 கோடி ரூபாய், இலக்கு ஒரு கோடி வீடுகள். முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000. ஆக உச்சவரம்பு 78,000. அதற்கு மேல் நீங்கள் பத்து கிலோவாட் போட்டாலும் அதே 78,000-தான். இந்த மானியம் வேண்டுமென்றால் மின்கலமும் பேனலும் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும். அதன் விலை இறக்குமதி மின்கலம் வைத்த பேனலைவிடக் கூடுதல் என்பதால், மானியத்தில் ஒரு பகுதி அங்கேயே கரைந்துவிடுகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வரியிலும் ஒரு வேடிக்கை உண்டு! சோலார் போட்டுத் தரும் பில்லில் 70 சதவீதம் பொருள், 30 சதவீதம் சேவை என்று ஜி.எஸ்.டி.யில் வைத்துக்கொள்கிறார்கள். பொருளுக்கு 12 சதவீதம், சேவைக்கு 18 என்று இருந்தவரை மொத்தம் 13.8 சதவீதம் வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் பொருளுக்கு 5 சதவீதம்தான், மொத்தம் 8.9 ஆகிவிட்டது. வரிக்கு முன் இரண்டு லட்சம் ஆகும் அமைப்பில் 9,800 ரூபாய் மிச்சம். பழைய கொட்டேஷனை வைத்துக்கொண்டு யாராவது பேரம் பேசினால் இந்த எண்ணைக் காட்டுங்கள்.

இவ்வளவுதானா சோலாரின் விலை? இல்லை! இங்கேதான் பெரிய ஆச்சரியம் ஒளிந்திருக்கிறது. அது பேனலில் இல்லை, உங்கள் வீட்டு மின் அட்டையில் இருக்கிறது.

தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங். 100 யூனிட் இலவசம், எல்லோருக்கும் தெரியும். ஆனால் 500-ஐத் தாண்டினால் என்ன நடக்கிறது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? 2024 ஜூலை உயர்வுக்குப் பிறகு வீடுகள் கட்டும் விகிதத்தில் பார்ப்போம். சரியாக 500 யூனிட் ஓடியிருந்தால்: முதல் நூறு இலவசம், அடுத்த நூறுக்கு 2.35 வீதம் 235, அடுத்த இருநூறுக்கு 4.70 வீதம் 940, கடைசி நூறுக்கு 6.30 வீதம் 630. மொத்தம் 1,805 ரூபாய்.

ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆகிவிட்டது என்று வையுங்கள். அந்த 2.35 என்ற சலுகை விகிதமே காணாமல் போய்விடும்! 101-லிருந்து 400 வரை மொத்தமும் 4.70. அடுத்த நூறு 6.30. அந்த ஒரு யூனிட் 8.40. கூட்டினால் 2,048 ரூபாய். அதாவது 501-வது யூனிட்டின் விலை 243 ரூபாய்! ராத்திரி ஏ.சி.யை ஒரு மணி நேரம் முன்னதாக அணைத்திருந்தால் தப்பித்திருக்கலாம்.

மேலே போகப் போக ஏறிக்கொண்டே போகும்: 600 தாண்டினால் 9.45, 800 தாண்டினால் 10.50, ஆயிரம் தாண்டினால் 11.55. இப்போது சோலாரின் சூட்சுமத்தைப் பாருங்கள். நெட் மீட்டர் வைத்த வீட்டில், இ.பி.யிடம் வாங்கியதிலிருந்து நீங்கள் கொடுத்ததைக் கழித்து, மிச்ச யூனிட்டுக்குத்தான் ஸ்லாப். அப்படியென்றால் உங்கள் பேனல் முதலில் தின்பது எந்த யூனிட்டை? மேலே இருக்கும், விலை அதிகமான யூனிட்டை! 9.45-ஐத் தின்னும், பிறகு 8.40-ஐ, பிறகு 6.30-ஐ. வயிறு நிறைய நிறையத்தான் மலிவான யூனிட்டுக்கு வரும்.

ஆகவே ஆறேழு சதவீத வட்டிக் கடனையும் பேனலின் 25 வருஷ உத்தரவாதத்தையும் விசாரிக்கும் முன் இதை விசாரியுங்கள்: உங்கள் வீட்டின் உச்சி யூனிட் எந்த விலையில் நிற்கிறது?

ஒரு வீட்டைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், ஒரு ஏ.சி., ஃபிரிட்ஜ், மோட்டார். இரண்டு மாதத்துக்கு 700 யூனிட். பில் 3,825 ரூபாய். தமிழ்நாட்டு வெயிலில் ஒரு கிலோவாட் நாளுக்கு சுமார் 4 யூனிட் தரும். இரண்டு மாதத்துக்கு 240. இவர்கள் இரண்டு கிலோவாட் போட்டால் 480 யூனிட் கழிந்து 220-தான் மிச்சம். பில் 329 ரூபாய்! ஒவ்வொரு ரீடிங்குக்கும் 3,496 மிச்சம், வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 21,000. மானியம் போக கைக்காசு 85,000 என்றால் நாலே வருஷத்தில் போட்ட பணம் திரும்பிவிடும். (நெட்வொர்க் கட்டணம் மாதிரியான சில்லறைகளை இதில் சேர்க்கவில்லை.)

கம்பெனிக்காரர் என்ன சொல்வார்? “சார், மூணா போட்டுக்குங்க. மானியம் ஃபுல்லா கிடைக்கும். பில்லு ஜீரோ!” உண்மைதான், ஜீரோ ஆகும். ஆனால் அந்த மூன்றாவது கிலோவாட் மிச்சப்படுத்துவது எவ்வளவு? மிச்சம் இருந்த 329 ரூபாயை மட்டும்! வருஷத்துக்கு இரண்டாயிரம்கூட வராது. அதற்குக் கூடுதல் கைக்காசு, 18,000 மானியம் போக, 35,000-லிருந்து 40,000. திரும்பி வர இருபது வருஷம் ஆகும்! முதல் இரண்டு கிலோவாட் நாலு வருஷத்தில், மூன்றாவது இருபது வருஷத்தில். ஒரே மாடி, ஒரே வெயில், ஒரே பேனல்! ஜீரோ பில் என்பது பார்க்க அழகு, அவ்வளவே. நாளைக்கு மின்சார ஸ்கூட்டரோ இன்னொரு ஏ.சி.யோ வரப்போகிறது என்றால் மூன்றாவதைப் போடுங்கள். இல்லாவிட்டால் அந்தக் காசை வேறு எதற்காவது வையுங்கள்.

இன்னும் கசப்பான உண்மை ஒன்று. இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் மட்டுமே ஓடும் வீட்டின் பில் 235 ரூபாய். இவர்கள் சோலார் போட்டால் பணம் திரும்பி வருவதற்குள் பேரன் கல்லூரிக்குப் போய்விடுவான். அந்த வீட்டுக்கு சோலார் தேவையே இல்லை என்பதுதான் என் கட்சி. 300 யூனிட் வீட்டில் பில் 705 ரூபாய். ஒரு கிலோவாட் போட்டால் மானியம் போகவும் பத்து வருஷம் பிடிக்கும். சூரியன் எல்லோருக்கும் பொது, லாபம் அப்படியில்லை!

அடுத்தது, வாங்கியவர்களையே திடுக்கிட வைக்கும் சமாச்சாரம். நல்ல உச்சி வெயில். தெருவில் கரண்ட் போய்விட்டது. மாடியில் ஆறு பேனல் பளபளக்கிறது. வீட்டுக்குள் ஃபேன் நின்றுவிட்டது!

“என்ன மாமா, சோலார் வெச்ச வீட்லயுமா கரண்ட் இல்ல?”

“அதைத்தாம்ப்பா நானும் கேட்டுக்கிட்டு இருக்கேன்!”

பழுது அல்ல. ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் அப்படித்தான் செய்யும், செய்தாக வேண்டும். லைனில் மின்சாரம் நின்ற கணமே அதுவும் நின்றுவிடும். ஏன் தெரியுமா? கரண்டை நிறுத்திவிட்டுக் கம்பத்தில் ஏறி நிற்கும் லைன்மேனை உங்கள் மாடி மின்சாரம் போய்த் தாக்கிவிடக் கூடாதே! அந்த ஒரு உயிருக்காகத்தான் இந்த ஏற்பாடு. கரண்ட் போனாலும் ஓட வேண்டுமென்றால் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும். லித்தியம் பேட்டரியோடு போனால் மூன்று கிலோவாட்டின் விலை கூடுதலாக ஒரு லட்சத்துக்கு மேல் எகிறிவிடும். பேட்டரிக்குத் தனி மானியமும் கிடையாது. உங்கள் ஊரில் மாதத்துக்கு எத்தனை மணி நேரம் கரண்ட் போகிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டு அந்த லட்சத்தைப் பற்றி யோசியுங்கள்.

சித்திரை வெயிலில் சோலார் கொழிக்கும் என்று நினைக்கிறீர்களா? பேனலுக்கு வேண்டியது வெளிச்சம். வெப்பம் அதற்கு ஆகவே ஆகாது! பேனலில் எழுதியிருக்கும் 550 வாட் என்பது, மின்கலம் 25 டிகிரி சூட்டில் இருக்கும்போது அளந்தது. நம் மொட்டை மாடியில் மே மாத மத்தியானம் அது 60, 65 டிகிரிக்குக் கொதிக்கும். ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.35 சதவீதம் குறையும். கணக்குப் பார்த்தால் 12-லிருந்து 14 சதவீதம் சூட்டிலேயே போய்விடுகிறது! அதனால்தான் பேனலுக்கு அடியில் காற்றோட்டம் விட்டுத் தூக்கி நிறுத்த வேண்டும் என்கிறார்கள். ஆள் நடமாடும் உயரத்துக்கு ஸ்ட்ரக்சரைத் தூக்கினால் துணி காயப்போடலாம், வடகம் பிழியலாம் (பாதி நிழலில் காய்ந்தால் பரவாயில்லை என்றால்). மூன்று கிலோவாட்டுக்கு அந்த உயரத்தின் விலை இருபது, முப்பதாயிரம் கூடும். துத்தநாகம் பூசிய இரும்புதானா என்று பார்த்து வாங்குங்கள், முக்கியமாகக் கடலோர ஊர்க்காரர்கள். உப்புக்காற்றுக்கு பேனல் தாங்கும், மட்டமான நட்டும் போல்ட்டும் தாங்காது.

ஒரு பேனலின் எடை தெரியுமா? 28 கிலோ! ஏழரை அடி நீளம், மூன்றே முக்கால் அடி அகலம். மாடிப்படி குறுகலான வீட்டில் இதைக் கயிறு கட்டித் தூக்கும்போது கீழே நிற்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள். அந்தக் கண்ணாடிக்குள் 144 அரை மின்கலங்கள். ஒவ்வொன்றின் தடிமனும் ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்குகூட இருக்காது. மேலே ஓடும் மெல்லிய கோடுகள் என்ன தெரியுமா? வெள்ளி! நிஜமான வெள்ளி! பேனலுக்குச் சில கிராம். வெள்ளி விலை ஏறினால் சோலார் கம்பெனிக்காரர் முகம் வாடுவதற்குக் காரணம் இதுதான்.

நிழல் செய்யும் அநியாயத்தைக் கேளுங்கள். பக்கத்து வீட்டுத் தென்னையின் ஒரே ஒரு ஓலை, பேனலின் ஒரு மூலையில் மட்டும் நிழல் விழவைக்கிறது. நூற்றில் ஐந்து பங்கு மறைந்தால் ஐந்து பங்கு மின்சாரம்தானே குறைய வேண்டும்? இல்லை! மின்கலங்கள் வரிசையாகக் கோத்துக் கட்டப்பட்டவை; ஒன்று நிழலில் படுத்துவிட்டால் அந்த வரிசையே முடங்கும். பேனலின் பின்னால் உள்ள டயோடுகள் அந்தப் பகுதியை ஓரங்கட்டிவிட்டு மற்றதை ஓட்டும். அந்த பேனலில் மூன்றில் ஒரு பங்குவரை போய்விடும்! தண்ணீர் டேங்க், செல்போன் கோபுரம், எதிர்வீட்டுக்காரர் அடுத்த வருஷம் எழுப்பப்போகும் இரண்டாவது மாடி எல்லாவற்றையும் பேனல் மாட்டும் முன்பே யோசித்துவிட வேண்டும். காக்கை எச்சமும் இதே கணக்குதான். வாரம் ஒருமுறை காலை ஆறு, ஏழு மணிக்கு வெறும் தண்ணீர் விட்டுத் துடைத்தால் போதும். உச்சி வெயிலில் கொதிக்கும் கண்ணாடியில் பச்சைத் தண்ணீரை ஊற்றாதீர்கள்.

கடைக்கும் ஆபீசுக்கும் வாருங்கள். அங்கே கணக்கு தலைகீழ்! மானியம் ஒரு பைசா கிடையாது. ஆனாலும் கிட்டத்தட்ட வீட்டின் வேகத்திலேயே பணம் திரும்பும், தெரியுமா? கடைகளுக்கான மின்கட்டணம், இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் தாண்டிவிட்டால் யூனிட்டுக்குப் பத்து ரூபாய்க்கு மேல். அங்கே இலவசமும் இல்லை, 2.35-ம் இல்லை. பத்து கிலோவாட் போட்டால் வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 14,000 யூனிட், அதாவது 1.4 லட்சம் ரூபாய் மின்சாரம். போட்ட காசு ஐந்து லட்சம். நெட்வொர்க் கட்டணத்தைக் கழித்த பிறகும் நாலு, நாலரை வருஷத்தில் முடிந்துவிடும். அதோடு வருமான வரியில் சோலாருக்கு 40 சதவீதத் தேய்மானம் உண்டு. வீட்டுக்காரர் கட்டிய ஜி.எஸ்.டி. போனது போனதுதான், வியாபாரி உள்ளீட்டு வரியாக அதையும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. கடைக்காரர் மிச்ச மின்சாரத்தை இ.பி.க்குக் கொடுத்தால் கிடைக்கும் விலை, அவர் வாங்கும் விலையில் பாதிகூட இல்லை. ஆகவே பகலிலேயே உபயோகித்துத் தீர்க்கும் இடத்துக்குத்தான் சோலார் பொருந்தும். ஞாயிற்றுக்கிழமையும் ஏ.சி. ஓடும் ஜவுளிக்கடை, குளிர்பதனக் கிடங்கு, அரிசி ஆலை எல்லாம் பிரமாதம். பள்ளிக்கூடம்? சூரியன் கொளுத்தும் ஏப்ரல், மே மாதத்தில் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கிறதே! அங்கே அளவைக் குறைத்துப் போடுவதுதான் புத்திசாலித்தனம். கையில் முதல் இல்லாத தொழிற்சாலைகளுக்கு இன்னொரு வழி: கூரையை மட்டும் கொடுத்தால் போதும், முதலீட்டாளர் தன் செலவில் பேனல் போட்டு, பதினைந்து, இருபது வருஷ ஒப்பந்தத்தில் யூனிட் கணக்கில் பணம் வாங்கிக்கொள்வார். கையெழுத்துப் போடும் முன் நடுவில் விலகினால் என்ன அபராதம் என்ற பக்கத்தை மட்டும் இரண்டு தடவை படியுங்கள்.

அடுக்குமாடிக்காரர்களுக்கும் ஒரு சேதி. லிஃப்ட், மோட்டார், மாடிப்படி விளக்கு ஓடும் பொது மீட்டரில், லிஃப்ட் வைத்த பெரிய குடியிருப்புகளுக்கு முதல் யூனிட்டிலிருந்தே எட்டு ரூபாய்க்கு மேல்! அதற்குப் பொது மாடியில் சோலார் போட்டால் கிலோவாட்டுக்கு 18,000 மானியம் உண்டு என்பது பல சங்கங்களுக்கே தெரியாது. மாடி யாருடையது என்ற சண்டையை மட்டும் முதலில் முடித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக சில நடைமுறைகள். பேனல் 25 வருஷம் ஓடும், வருஷத்துக்கு அரை சதவீதம் போலத் தேயும். ஆனால் இன்வெர்ட்டர் அத்தனை வருஷம் தாங்காது. நடுவில் ஒருமுறையாவது மாற்ற வேண்டி வரும். மூன்று கிலோவாட்டுக்கு இருபது, முப்பதாயிரம் இப்போதே ஒதுக்கி வையுங்கள். பத்து கிலோவாட் வரை சாத்தியக்கூறு ஆய்வு என்று காத்திருக்கத் தேவையில்லை. 2024-ல் விதியையே மாற்றிவிட்டார்கள். மூன்று கிலோவாட் வரை அடமானம் இல்லாமல் இரண்டு லட்சம் ரூபாய் கடன் பொதுத்துறை வங்கிகளில் கிடைக்கும். வட்டி ரெப்போ விகிதத்துக்கு அரை சதவீதம் மேல். மானியம் பில்லில் கழியாது. முழுத் தொகையையும் நீங்கள் கட்டி, நெட் மீட்டர் மாட்டி, ஆய்வு முடிந்த பிறகு உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். “மானியத்தை நாங்களே வாங்கிக்கறோம், ஓ.டி.பி. மட்டும் சொல்லுங்க” என்று யாராவது போன் செய்தால் வைத்துவிடுங்கள்.

விண்ணப்பம் சூர்ய கர் தேசிய இணையதளத்தில். மின் இணைப்பு எண்ணும் அண்மைய பில்லும் கையில் வேண்டும். இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் விண்ணப்பிக்க முடியும். இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்தால் இந்த வாரமே பெயர் மாற்றத்துக்குக் கொடுங்கள். கடந்த ஆறு ரீடிங்கையும் எடுத்து வரிசையாக எழுதிப் பாருங்கள். நாலு தடவையாவது 500-ஐத் தாண்டியிருந்தால் தாராளமாகக் கொட்டேஷன் கேளுங்கள். திட்டம் 2026-27 நிதியாண்டு வரைதான்.